இருபத்து மூன்றாவது தட்டு

விருத்தாசலம்,
ஏப்ரல் 20, ஞாயிறு.

அன்புள்ள மதி அப்பாவுக்கு,

நீலாவதி எழுதுவது. உடம்பு என்ற அளவில் நானும் மதியும் நலம். நீங்களும் உங்கள் அறையில் இருக்கிற அத்தனை பேரும் நலமாக இருக்க விருத்தகிரீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

கல்யாணமாகிப் பதினேழு வருடம் ஆகிறது, நான் உங்களுக்கு எழுதும் இரண்டாவது கடிதமே இதுதான். முதல் கடிதம் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் எழுதியது. அதைப் படித்துவிட்டு என் கையெழுத்தை மட்டும் பாராட்டினீர்கள். எழுதியிருந்த விஷயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. இந்தத் தடவை கையெழுத்தை விட்டுவிட்டு விஷயத்தைப் படியுங்கள்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நீங்கள் வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது உங்கள் பக்கத்தில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒருவர் வெங்காயம் நறுக்குகிறார், ஒருவர் தன் வீட்டுக்காரியோடு சண்டை போடுகிறார். என் பக்கத்தில் மதி இருக்கிறாள். இருக்கிற ஒற்றை அறையில் நான் எங்கே போய்ப் பேசுவது? அதோடு நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் கத்தத் தொடங்கிவிடுவீர்கள். கடிதத்தைப் பார்த்தும் கத்தலாம், ஆனால் அது நிற்காது, மீதியையும் சொல்லிவிடும். மங்கலம்பேட்டை கமாலுதீன் அண்ணன் லீவு முடிந்து புதன்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கை அறையில் எல்லோருக்கும் கொடுங்கள். கடிதத்தை எங்காவது தனியாகப் போய்ப் படியுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மதி பத்தாவது பரீட்சை எழுதவில்லை. ஜனவரி மாதமே பள்ளிக்கூடத்திலிருந்து டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பொங்கலுக்கு முந்தின வாரத்திலிருந்து அவள் வீட்டில்தான் இருக்கிறாள். மூன்று மாதமாக நீங்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்டதற்கு நான் சொன்ன பதில்கள் எல்லாம் பொய். தமிழ் சுலபமாம், கணக்கில்தான் இரண்டு கேள்வி சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டார்களாம் என்று நான் அளந்ததெல்லாம் அவள் தோழி காவியாவின் அம்மாவிடம் கேட்டு வந்து ஒப்பித்தது.

ஏன் மறைத்தேன் என்றால், உங்களுக்குப் பயந்து. போன தடவை ஊருக்கு வந்தபோது டீ குடித்துக்கொண்டே சொன்னீர்கள், "பத்தாவது தாண்டுனா மேல படிக்கட்டும். இல்லாட்டி அக்கா அதோட பையனுக்கு ரொம்ப நாளா கேக்குது, பாத்துக்கலாம்" என்று. உங்களுக்கு மறந்திருக்கும். அப்போது மதி முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டாள். எங்கள் இருவருக்கும் அது மறக்கவில்லை.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மதி வகுப்பில் இருபத்து மூன்று பேர். சின்னப் பள்ளிக்கூடம், பிள்ளைக்குப் பிள்ளை கவனிப்பார்கள் என்று நீங்கள்தான் அங்கே சேர்க்கச் சொன்னீர்கள். வாசலில் ஒரு பலகை வைத்திருப்பார்களே, தொடர்ந்து ஒன்பது வருடம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று, அதையும் பார்த்துச் சந்தோஷப்பட்டீர்கள். நானும்தான் பட்டேன்.

டிசம்பரில் அந்தப் பள்ளியிலிருந்தே நான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனிக்கு ஒரு ஆர்டர் வந்தது. பத்தாவது முடித்துப் போகும் பிள்ளைகளுக்கு இந்த வருடம் மார்க்கு, ரேங்கு என்று எதற்கும் பரிசு கிடையாதாம். ஒவ்வொரு பிள்ளையும் யாரைப் போலவும் இல்லாத பிள்ளையாம். அதனால் ஆளுக்கொரு பீங்கான் தட்டு. அதில் பேர், அந்தப் பிள்ளையிடம் மட்டும் இருக்கிற குணத்தைப் பற்றி ஒரு வரி, அதற்கேற்ற ஒரு சின்னப் படம். தாளாளர் எங்கோ வெளியூரில் பார்த்துவிட்டு வந்த யோசனை. வரிகளை எழுதித் தருவது வகுப்பு டீச்சர் வாசுகியின் வேலை. தட்டில் எழுதி வரைவது என் வேலை. எங்கள் முதலாளி ராஜமாணிக்கத்துக்கு ஒரே குஷி. அகல் விளக்கும் கொலு பொம்மையும் செய்து சலித்துப்போனவர், இனி எல்லாப் பள்ளிக்கூடமும் கேட்கும் பாரு என்றார்.

வாசுகி டீச்சரின் பட்டியல் அவர் கைப்பட எழுதி வந்தது. அந்த அம்மாள் பிள்ளைகளைச் சும்மா பார்க்கவில்லை. அறிவழகன் என்று ஒரு பையன், தோற்ற பிறகும் முதலில் கைகொடுப்பவன் என்று எழுதியிருந்தார். காவியா, சிரிக்க ஆரம்பித்தால் வகுப்பையே கூட்டிக்கொண்டு போவாள். பிரபா, யார் பென்சிலைத் தொலைத்தாலும் இவள் பையில் ஒன்று இருக்கும். பதினான்காவதாக மா. மதிவதனி. வழி கேட்டவரைச் சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகுதான் நகர்வாள். பக்கத்தில் பஸ் படம் என்று குறித்திருந்தார். வேலையை நிறுத்திவிட்டு, பேக்கிங் பார்க்கும் அம்சவல்லிக்கு அதைப் படித்துக் காட்டினேன். நம் பெண்ணைப் பற்றி நம் வீட்டுக்கு வெளியே ஒருவர் நல்லதாக ஒரு வரி எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பஸ் விஷயம் உங்களுக்கு என்னவென்று தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் மகளுக்கு நம் பஸ் ஸ்டாண்டில் வந்துபோகும் அத்தனை வண்டியும் மனப்பாடம். நல்லூர் வழியாகப் போகிற வண்டி எது, போகாமல் நேராகப் போகிற வண்டி எது, கம்மாபுரம் வண்டி சனிக்கிழமை சந்தைக் கூட்டத்தில் எத்தனை நிமிடம் தாமதமாகும், எந்த டிரைவர் கைகாட்டினால் நிறுத்துவார், எல்லாம் சொல்லுவாள். கணக்குப் பரீட்சையில் பதினோரு மார்க்கு வாங்குகிறவள், மங்கலம்பேட்டைக்குப் போய் இறங்கி மாறி உளுந்தூர்பேட்டைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்பதை வாயாலேயே போட்டுவிடுவாள். காலையில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போக வேண்டும். யாராவது ஒரு வயதான அம்மாள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு முழித்துக்கொண்டு நின்றால் போதும், இவள் பையை இறக்கி வைத்துவிடுவாள். பாண்டிச்சேரி வண்டி வரும்வரை கூடவே நின்று, ஏற்றி, கண்டக்டரிடம் இவங்கள ஜிப்மர் வாசல்ல இறக்கிவுடுங்கண்ணே என்று சொன்ன பிறகுதான் பள்ளிக்குப் போவாள். தினமும் லேட். அதற்கு வாங்காத திட்டில்லை, என்னிடமும் சேர்த்து.

பொங்கலுக்கு முந்தின வாரம் திங்கட்கிழமை தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். அரையாண்டு மார்க்கைக் காட்டினார். கணக்கு பதினொன்று, அறிவியல் பத்தொன்பது. பிறகு லேட் ரிஜிஸ்டரைக் காட்டினார், நாற்பத்தோரு நாள். "இந்தப் புள்ள பாஸாகாதும்மா. ஒருத்தியால இருபத்திரண்டு புள்ளைங்க பேரும் கெடணுமா? பரீட்சைக்குப் பேரு அனுப்புறதுக்குள்ள நீங்களே டி.சி. வாங்கிக்கிட்டா கௌரவமா இருக்கும். தனித்தேர்வரா நாங்களே எழுத வெச்சிடுறோம்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். தெருக் குழாயில் ஒரு குடம் முந்திப் போனதற்கு நான் போட்ட சண்டை உங்களுக்குத் தெரியும். அந்த அறையில் மட்டும் என் வாய் ஒட்டிக்கொண்டது. அவர் சொல்லச் சொல்ல, குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளின் மாற்றுச் சான்றிதழைத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளாளர் உள்ளே வந்து, போனில் பேசிக்கொண்டே, நின்றபடி அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். என் பேர் என்ன, பெண் பேர் என்ன என்று பார்க்கவில்லை. தலைமையாசிரியை காகிதத்தை எடுத்துப் பார்த்து, கையெழுத்து முத்து முத்தா இருக்குதே என்றார். மதி வெளியே வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டி.சி.யைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னிக்கு நான் லேட்டு கூட இல்லியேம்மா என்றாள்.

தனித்தேர்வராக எழுத வைக்கிறேன் என்றார்களே, அதைக் கேட்கப் பத்து நாள் கழித்துப் போனேன். கடைசித் தேதி முடிந்துவிட்டதாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்ப அவர்களுக்கு மறந்துபோனதாம்.

பிப்ரவரி மாதம் தட்டுகளுக்கான திருத்திய பட்டியல் வந்தது. இந்தத் தடவை டைப் அடித்து, பள்ளி முத்திரையோடு. இருபத்திரண்டு பேர். பதிமூன்றாவது பேருக்குப் பிறகு பதினான்காவது என்று வேறு பிள்ளையின் பேர். நடுவில் ஒரு கோடு, ஒரு இடைவெளி எதுவும் இல்லை. எண்களை நெருக்கி உட்கார வைத்துவிட்டார்கள்.

இருபத்திரண்டு தட்டையும் நான்தான் எழுதினேன். எழுத மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. வேண்டுமென்றே கெடுத்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? தாளாளரின் பேரனுக்குத் தலைமை தாங்கப் பிறந்தவர் என்று வரி, ஒரு கிரீடம் படம். அந்தப் பையன் ஷூ லேஸ் அவிழ்ந்தால் யாராவது கட்டிவிடும்வரை நிற்பானாம், காவியா சொன்னாள். அவன் கிரீடத்துக்கும் ஒரு குறை வைக்காமல் தங்க நிறம் பூசினேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை உருப்படி கேட்கிறார்களோ அதற்கு மேல் நாலைந்து சேர்த்து அச்சில் ஊற்றுவோம். காயும்போது ஒன்று விரியும், சூளையில் ஒன்று கோணிக்கொள்ளும், அந்த உடைசலுக்காக. இந்தத் தடவை எதுவும் உடையவில்லை. நாலு வெற்றுத் தட்டு மிச்சம். அதில் ஒன்றை எடுத்து, டிசம்பர் பட்டியலில் இருந்த வரியை எழுதினேன். பஸ் வரைந்தேன். ஜன்னலோரம் ஒரு சின்னத் தலையும் வைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் மதியிடம் கொடுக்கத்தான் எழுதினேன், வேறு எண்ணம் இல்லை. மற்றவற்றோடு அதுவும் சூளையில் வெந்து வந்தது.

மறுநாள் நான் போவதற்கு முன்பே அம்சவல்லி பேக்கிங்கை முடித்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து இருக்கிற தட்டு பெட்டிக்குள், வெற்றுத் தட்டு அலமாரிக்கு, அதுதான் அவள் கணக்கு. மதி தட்டும் வைக்கோலுக்குள் போய்விட்டது. மதியிடமும் அம்சவல்லியிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன், தவறுதலாகப் போய்விட்டது என்று. உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். டேப் ஒட்டுவதற்கு முன்னால் நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மேலேயே இருந்தது. எடுக்கக் கை போனது. போகட்டும் என்று மூடிவிட்டேன்.

விழா மார்ச் முதல் வாரம். தட்டுகளைப் பிரித்துக் கொடுக்க முதலாளி என்னையே அனுப்பினார். மேடைக்குப் பக்கத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். பின்னால் பெரிய பேனர், ஒவ்வொரு மாணவரும் ஒரு தனி உலகம் என்று. நான் எடுத்து வாசுகி டீச்சரிடம் கொடுக்க, அவர் தாளாளரிடம் கொடுக்க, தாளாளர் மைக்கில் படித்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டும் வெட்கப்பட்டுக்கொண்டும் வந்து வாங்கினார்கள். பெற்றோர்கள் போட்டோ எடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. நம் பெண் இல்லாத ஒரு குறையைத் தவிர எந்தக் குறையும் சொல்ல முடியாது.

இருபத்திரண்டு முடிந்தது. இருபத்து மூன்றாவதை எடுத்து டீச்சரிடம் நீட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாளாளர் கையில் கொடுத்துவிட்டார். தாளாளர் முந்தைய இருபத்திரண்டைப் போலவே சிரித்த முகமாகப் படித்தார். மா. மதிவதனி. வழி கேட்டவரைச் சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகுதான் நகர்வாள்.

பிள்ளைகள் கூட்டம் ஓவென்று கத்தியது. வேறு யாருக்கும் அப்படிக் கைதட்டவில்லை, நான் அங்கே இருந்தேன், பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை. காவியா எழுந்து நின்று, "பஸ்ஸு ஏத்திவுட்டுட்டு வருவா சார்!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். தாளாளரும் சிரித்தார். எங்க அந்தப் பொண்ணு, மேடைக்கு வரச் சொல்லுங்க என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கூட்டத்தில் தேடினார். மைக்கைப் பிடித்து, இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் நம் பள்ளியின் பெருமை, மதிப்பெண் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றார். இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் பேருக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் அவர். நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. தலைமையாசிரியை அவசரமாக வந்து காதில் ஏதோ சொன்னார். தாளாளர் தட்டைக் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, அடுத்ததாகச் சிறப்பு விருந்தினர் பேசுவார் என்றார்.

அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அவர்கள் முகத்தில் கரியைப் பூசிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கரி யார் முகத்தில் விழுந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது.

காவியா தன் அம்மாவின் போனில் அதையெல்லாம் வீடியோ எடுத்திருந்தாள். நல்ல எண்ணத்தில்தான் மதியிடம் கொண்டுவந்து காட்டினாள். பாருடி, உனக்குத்தான்டி பயங்கர கிளாப்ஸு என்று. மதி முழுவதும் பார்த்தாள். இரண்டாம் தடவை வேண்டாம் என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். காவியா போன பிறகு என்னிடம் சொன்னாள்: "என்னிய நல்லா தெரிஞ்சு, புடிக்காம அனுப்பிட்டாங்கன்னுதான் இத்தினி நாளா நெனச்சிகிட்டு இருந்தேன். அது பரவால்லம்மா. நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியலியே." பிறகு, உன்னை யாரு என் பேரை எழுதச் சொன்னது என்று கேட்டாள்.

அன்றையிலிருந்து அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போவதில்லை. போன வாரம் தெருவில் ஒரு ஆள் வண்டியை நிறுத்தி ரயில்வே ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது என்று இவளைக் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். நான் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த மார்க்கு போனதற்கும் நான் அப்படி வருத்தப்படவில்லை.

இன்னொரு பாவமும் இருக்கிறது. தட்டை உள்ளே நுழைத்தது வாசுகி டீச்சர்தான் என்று பள்ளியில் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த வரியை எழுதியது அவர்தானே. இந்த மாதத்தோடு நின்றுகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டும் நான் நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. ராஜமாணிக்கம் என்னை அனுப்பிவிட்டால் இந்த ஊரில் வேறு எந்தக் கம்பெனி எனக்கு வேலை கொடுக்கும் என்று பயம். மதிதான் விடவில்லை. டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வா, இல்லாட்டி நான் போறேன் என்றாள். போனேன். டீச்சர் என்னைப் பேசவே விடவில்லை. "நீங்கதான்னு தெரியாமலா அவர் கையில குடுத்தேன்? எனக்கு வேற ஸ்கூல் கிடைக்கும். நீங்க சும்மா இருங்க" என்றார். சும்மாதான் இருக்கிறேன். என் பிள்ளையைப் பார்த்த ஒரே டீச்சரின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன்.

அவர் போன வியாழக்கிழமை நம் வீட்டுக்கு வந்தார். ஜூன் கடைசியில் நடக்கும் துணைத்தேர்வை மதி தனியாக எழுதலாமாம். அதற்கு வரும் 28ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். டீச்சரே வாங்கி வந்து, எல்லாம் நிரப்பி, தினமும் சாயந்திரம் கணக்கும் அறிவியலும் சொல்லித் தருகிறேன் என்றார். மதி கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் பாக்கி. மதி போட மாட்டேன் என்றாள். படிக்கப் பிடிக்காமல் சொல்கிறாள் என்று நான் கோபப்பட்டேன். அவள் சொன்னாள்: "அப்பா நான் பரீட்சை எழுதிட்டேன்னு நெனச்சிகிட்டு இருக்காரு. அவருக்குத் தெரியாம ஒளிஞ்சி ஒளிஞ்சி எழுத மாட்டேன். நீ சொல்லு. அவரு எழுதுன்னா எழுதுறேன், வேணாம்னா வேணாம்." அதனால்தான் இந்தக் கடிதம்.

இதற்கு நடுவில் உங்கள் அக்கா ஆண்டாள் கம்மாபுரத்திலிருந்து இரண்டு தடவை வந்துபோய்விட்டார். பள்ளிக்கூட நாளில் மதி வீட்டில் இருந்ததை அவர் பார்த்துவிட்டார். "புள்ள சும்மாதான வூட்ல கெடக்குது. எங்க திலீபனுக்கு மைன்ஸ்ல காண்ட்ராக்ட் வேலை நிரந்தரம் ஆகப்போவுது. இப்ப பேசி மட்டும் வெச்சிக்குவோம்" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. திலீபனும் நல்ல பையன்தான். ஆனால் அவனுக்கு இருபத்து மூன்று வயது, மதிக்குப் பதினைந்து. உங்கள் அக்கா உங்களுக்கே போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருவேளை செய்தும்விட்டார். அவர் வாயால் நீங்கள் கேட்பதற்கு முன்னால் என் எழுத்து உங்கள் கைக்கு வர வேண்டும் என்று தவிக்கிறேன்.

என்மேல் உங்களுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அது நியாயம். ஆனால் எனக்கும் உங்கள்மேல் ஒரு கோபம் இருக்கிறது, எழுத உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். மூன்று வருடமாக வாரம் தவறாமல் கூப்பிடுகிறீர்கள். மதியிடம் நன்றாகப் படிக்கிறாயா என்று கேட்பீர்கள், அவள் உம் என்பாள், போனை அம்மாவிடம் கொடு என்பீர்கள். நூற்றைம்பது வெள்ளிக்கிழமையும் அதே கேள்வி, அதே உம். மேடையில் நின்று அந்தத் தாளாளர் கண்ணுக்கு மேல் கைவைத்துத் தேடினாரே, அப்போது எனக்கு அவர்மேல் மட்டும் ஆத்திரம் வரவில்லை. டி.சி.யில் கையெழுத்துப் போட்ட நானும் அவள் யாரென்று நினைத்துப் போடவில்லை. நீங்களும் அங்கே எட்டுப் பேருக்கு நடுவில் எங்களுக்காகத்தான் வேகிறீர்கள், தெரியும். தெரிந்துதான் இத்தனை நாள் இதைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை, மத்தியானம்.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் இதை முடிக்கிறேன். நேற்று எழுதியதை மதி படிக்கக் கேட்டாள். கொடுத்தேன். நின்றபடியே எல்லாப் பக்கமும் படித்தாள். அத்தையப் பத்தி கொஞ்சம் ஜாஸ்தியா எழுதிட்ட, இருக்கட்டும் என்றாள். விண்ணப்பம் அலமாரியில் டீச்சர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அவள் அதைத் தொடவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிடும் நேரத்துக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன். போனை மதியிடம் கொடுத்துவிட்டுக் கம்பெனியிலேயே இருந்துகொள்வேன். அவள்தான் எடுப்பாள். நன்றாகப் படிக்கிறாயா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எல்லாம் தெரியும் என்று முதலில் சொல்லிவிடுங்கள். திட்ட வேண்டும் என்றால் அம்மாவைத் திட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு என்னைத் திட்டுங்கள், அவள் கேட்டுக்கொள்வாள். எழுது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், அந்த வார்த்தைக்கு அவள் ஜூன் வரை கண்விழித்துப் படிப்பாள். உங்களை நான் மிரட்டவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

வெயில் அங்கே இன்னும் அதிகம் என்கிறார் கமாலுதீன் அண்ணன். தண்ணீர் நிறையக் குடியுங்கள். மத்தியானம் மேலே ஏறி வேலை செய்யச் சொன்னால் முடியாது என்று சொல்லப் பழகுங்கள். நீங்கள் நல்லபடியாக இருந்தால்தான் நாங்கள் உங்கள்மேல் கோபப்படவாவது முடியும்.

ஒருவேளை மனது சரியில்லை, அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று இந்த வெள்ளிக்கிழமை கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள். அப்பாவுக்கு வேலை அதிகம், அதனால்தான் கூப்பிடவில்லை என்று நான் அவளிடம் சொல்லிப் பார்ப்பேன். அவள் இனி என் வார்த்தையை நம்ப மாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா,
நீலாவதி